விளக்கைப் போட்டவள்

கெம்னிட்ஸில் வந்து இறங்கிய இரவு
சாவி தந்தவர் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்:
"மீட்டர் நிலவறையில், எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்."
பேருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் குறித்தேன்.
நான்கு, ஒன்று, ஏழு, பூஜ்யம், ஆறு.
அதுவரை ஓடியதெல்லாம் ஹெல்முட் க்ரூலுடையது.
அவர் எங்கே போனார் என்று யாரும் சொல்லவில்லை.
அழைப்புமணியில் மட்டும் இன்னும் குடியிருந்தார்.

பதினெட்டு இரவுகள் ஒப்பிட்டேன்.
மாதக் கட்டணம் இறங்கினால் யூனிட் விலை ஏறுகிறது.
யூனிட் இறங்கினால்
இரண்டு வருடத்துக்குக் காலைக் கட்டிப்போடுகிறார்கள்.
"ஆண்டுக்கு எவ்வளவு மின்சாரம் செலவாகும்?"
எனக்கு எப்படித் தெரியும்,
இங்கே ஒரு குளிர்காலத்தைக்கூட நான் பார்த்ததில்லை.
குத்தாய்சியில் என் பள்ளிக்கூட நாட்களில்
கரண்ட் வந்தது என்பதுதான் செய்தி,
எவ்வளவு வந்தது என்று எவரும் கேட்டதில்லை.
படிவத்தில் ஒற்றை ஆள் படம் ஒன்று, இரண்டு ஆள் படம் ஒன்று.
என் மகன் லஷாவுக்கு விசா கிடைத்தால் இரண்டு.
கிடைக்குமா என்பதற்குக் கட்டம் இல்லை.

காப்பீட்டுக்காரன் யானிக்குக்கு இருபத்தி மூன்று வயது இருக்கும்.
"நீங்கள் யாருடைய பொருளையாவது உடைத்துவிட்டால்?"
"நான் எதையும் உடைப்பதில்லை."
"இந்தச் சாவியைத் தொலைத்தால்?
கட்டடம் முழுக்கப் பூட்டு மாற்ற வேண்டும், உங்கள் செலவில்."
அன்றிலிருந்து அந்தச் சாவி
கோட்டுப் பையில் கல் மாதிரி கிடக்கிறது.
இருந்தும் கையெழுத்துப் போடவில்லை.
வேறொரு நிறுவனம்
மாதம் நாற்பது சென்ட் குறைவு என்றது.
அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று
பதினோரு பக்கப் பொடி எழுத்தை
அகராதி வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன்.

சலவை இயந்திரத்துக்குத் தவணை கேட்டேன்.
வங்கிப் பெண் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"உங்களைப் பற்றி இங்கே ஒன்றுமே இல்லை."
"நான் கடனே வாங்கியதில்லை," என்றேன், சற்றுப் பெருமையாக.
"அதுதான் பிரச்சினை."
நாற்பத்தொரு வருட நாணயம்
மேசைக்கு அந்தப் பக்கம் செல்லாக் காசு.
திரும்பி வந்து
போர்வையைத் தொட்டியில் ஊறப்போட்டேன்.
குழாயைத் திறந்துவிட்டு
ஏழாம் பக்கத்தில் ஒரு சொல்லைத் தேட உட்கார்ந்தேன்:
கவனக்குறைவு.
அதில் இரண்டு வகை இருக்கிறதாம்.

நான் எந்த வகை என்று புரிவதற்குள்
கீழ்வீட்டு ஓர்ட்ரூட் லூடெக்கே கதவைத் தட்டினார்.
கையில் ஒரு பாத்திரம், அதில் என் சோப்புத் தண்ணீர்.
"எந்தக் காப்பீட்டு நிறுவனம் உங்களுக்கு?"
"ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்," என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
பாத்திரத்தை என்னிடம் நீட்டினார், வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் மின்வாரியத்திலிருந்து கடிதம்.
முதல் விளக்கைப் போட்ட கணத்திலேயே
நீங்கள் எங்கள் வாடிக்கையாளர் ஆகிவிட்டீர்கள்,
தனியாக ஒப்பந்தம் தேவையில்லை.
இருப்பதிலேயே அதிக விலை அதுதான்.
பதினெட்டு இரவுகளும்
அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்துதான்
மலிவானதைத் தேடியிருக்கிறேன்.

யானிக்கைக் கூப்பிட்டுக் கையெழுத்துப் போட்டேன்,
நாற்பது சென்ட் கூடுதலானதிலேயே.
"நடந்து முடிந்ததற்குச் செல்லாது," என்றான்.
தெரியும் என்றேன்.

சனிக்கிழமை ஒரு வாளி வெள்ளைப் பெயின்டோடு
கீழே இறங்கினேன்.
மேற்கூரையில் கறை
கரையைச் சுரண்டிய ஏரி மாதிரி இருந்தது.
இரண்டு பூச்சுக்குப் பிறகும்
சாயங்கால வெளிச்சத்தில் விளிம்பு தெரிகிறது.
ஏணியைப் பிடித்திருந்த லூடெக்கே
திடீரென்று கேட்டார்:
"நீங்கள் இங்கிருந்து விழுந்தால்
அது என் காப்பீடா, உங்களுடையதா?"
தூரிகையிலிருந்து பெயின்ட் சொட்ட
இரண்டு பேரும்
ரொம்ப நேரம் யோசித்தோம்.