மூன்றாவது சத்தம்

வைப்புச் சிட்டையின் பின்பக்கத்தில்
சத்தங்களைப் பதிந்துகொண்டு வந்தாள் கோகுலவாணி.
வங்கிக் காசாளர்;
எழுத்து ஒன்றுகூடக் கோட்டை விட்டு இறங்கவில்லை.

இரவு 9.10: சண்டை தொடங்க, டிக் டிக்.
9.25: தகரத்தில் கல்லுருட்டுகிற மாதிரி.
9.40: ஊசி.
ஊசிக்குப் பக்கத்தில் ஒன்றுமில்லை,
எழுதி வெட்டிய இரண்டு சொற்களைத் தவிர.

மத்திய வீதிக் கடை மேசையில்
இரண்டு மணித்தியாலம் ஓடவிட்டேன்.
பெட்டி பால் குடித்த பூனையாய்க் கிடந்தது.
வைத்தியரைக் கண்டதும் காய்ச்சல் இறங்குகிற வித்தை
இதுகளுக்கும் தெரியும்.
"இஞ்ச அதுக்கு வேலையில்லை அக்கா,
வீட்டை வந்து பாருங்கோ."

உப்புவெளியில் மாடியறை.
ஜன்னல் கடலைப் பார்த்துத் திறந்தபடி.
பக்கத் தகட்டைக் கழற்றினேன்,
திருகாணித் தலைகளெல்லாம் செம்மஞ்சள்.
தூசியைத் தொட்டு நாக்கில் வைத்தேன்.
முகம் சுளித்தாள். பிறகு தானும் தொட்டு வைத்து
"உப்பு" என்றாள், நான் சொல்லாததைப் போல.

விளையாடுங்கோ, உங்கட பாட்டுக்கு.
அவள் குறி பார்த்தாள். தோள் இறங்கி, கண் சிறுத்து,
பகலெல்லாம் ஐயாயிரம் தாள்களை நீவி எண்ணிய விரல்கள்
ஒரு கட்டடத்தின் மூன்று மாடியைத் துப்புரவாக்கின.
நான் ஸ்குரூ டிரைவரின் பிடியைக் காதோரம் ஊன்றி
நுனியால் ஒவ்வொரு காற்றாடிச் சட்டத்தையும் தொட்டேன்.

டிக் டிக்: நழுவிய வயரொன்று
இலைக்குக் கன்னம் கொடுத்துக்கொண்டிருந்தது.
இழுத்துக் கட்டினேன்.
கல்லு: கிராபிக்ஸ் கார்டின் இடப்பக்கக் காற்றாடி.
ஆறுதலாய்ச் சுற்றும்வரை யோக்கியன்,
எழுபத்தொன்பது பாகை தாண்ட
உள்ளே குண்டுகள் அடிபடத் தொடங்கும்.
மாத்தவேணும். கொழும்பிலிருந்து வர நாலு நாள்.

இரண்டுக்கும் சரி போட்டாள்.
சண்டையை முடித்து, ஆயுதம் தெரிகிற திரையில் நிறுத்தினாள்.
"இப்ப. இப்ப கேக்குதே, ஊசி?"

கேட்டுப் பார்த்தேன்.
அலை. தூரத்தில் நாய். காற்றாடிகளின் மூச்சு.
பொய் சொல்ல ஒரு நொடி இருந்தது.
அந்த நொடிக்குள்தான்
தேவையில்லாத பவர் சப்ளைகள் விலைப்படுகின்றன.

ஐஸ் ஃபாக்டரியில் பதினொரு வருசம்
கொம்பிரசருக்குப் பக்கத்தில் நின்றவள் நான்.
உயரத்துச் சத்தங்களை ஒவ்வொன்றாய்
அது வாங்கி வைத்துக்கொண்டது,
பற்றுச்சீட்டுத் தராமல்.
"எனக்குக் கேக்காது தங்கச்சி.
நீங்க காது, நான் கை.
கேக்குமட்டும் விரலை உயத்திப் பிடியுங்கோ."

அசையாத அந்தப் படத்தை
செக்கனுக்கு ஆயிரத்து நூறு தரம்
வரைந்து வரைந்து தள்ளிக்கொண்டிருந்தது இயந்திரம்,
யார் கேட்டது?
எண்ணை இறக்கினேன். அறுநூறு. முந்நூறு.
விரல் நின்றது.
இருநூற்று நாற்பதில் பாதி மடிந்தது.
நூற்று நாற்பத்து நாலில்
கை மடியில் விழுந்தது.
அவளுடைய முகத்திலிருந்துதான்
அமைதியை நான் வாசித்தேன்.

செப்புச் சுருள் துடிக்கிறது, அவ்வளவுதான்.
மின்சாரம் அவசரப்பட்டால் கம்பி முனகும்.
பழுதில்லை.
"பழுதில்லாததும் கத்துமா?"
கத்தும், என்றேன்.
அவள் ஜன்னலை அரைவாசி சாத்தினாள்.

பில் எழுதினேன்.
வயர் கட்டியதுக்குக் காசில்லை.
காற்றாடிக்கு முற்பணம்.
மூன்றாம் வரிக்கு வந்து பேனா நின்றது:
எனக்குக் கேட்காத சத்தத்துக்கு,
அவள் கண்டுபிடித்த சத்தத்துக்கு,
என்ன விலை போடுவது?
வெறுமையாக விட்டு நீட்டினேன்.

காசை இரண்டு தரம் எண்ணித் தந்தாள்.
பில்லை வாங்கினாள், பார்த்தாள்,
"வெத்து வரி விடக்கூடாதக்கா,
ஆரும் எதையும் நிரப்பிப்போடுவினம்" என்று
என் பேனாவையே கேட்டெடுத்து
மூன்றாம் வரியின் குறுக்கே
சாய்வாய் ஒரு கோடு போட்டு
ஓரத்தில் சின்னதாய்க் கையெழுத்தும் வைத்தாள்.