எழுத முடியாத ஒன்றரை அடி

மதிப்பீட்டில் இப்படித்தான் எழுதியிருந்தேன்:
மயிலாடிக் கருங்கல், ஒற்றைப் பாளம்,
உயரம் ஒன்பது அடி, அகலம் மூன்றேகால்,
முன்முகம் மட்டும் மெருகு.
பேரூராட்சிப் பொறியாளனுக்குக் கவிதை
இவ்வளவுதான் வரும்.

பாறைவிளை முக்கில் முன்பே ஒரு கல் இருந்தது.
பழைய சுங்கச் சாவடிச் சுவரில்
முழங்கால் உயரத்தில் ஒரு வெள்ளைப் பலகை.
திருவிதாங்கூர் காலத்தது.
மகாயுத்தத்துக்குப் போனவர் இருபத்தாறு,
திரும்பாதவர் மூவர் என்று
ஆங்கிலத்திலும் மலையாளத்திலும்
எண்ணிக்கை மட்டும்.
சந்தைக்கு வந்த மாடுகளையும்
அந்தச் சாவடியில் அப்படித்தான் எண்ணினார்கள்.

சாலை அகலமானபோது சாவடி போயிற்று.
பலகை, வாழைக்குலை ஏலக்கடையில்
தராசு ஆடாமலிருக்க அண்டை கொடுத்துக்கொண்டு
பதினோரு வருஷம் கிடந்தது.

மூவரையும் தேடினேன்.
சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒருவன்,
ஓரத்தில், வேறு மையில்:
ஞானாபரணம், கூலிப்படை, பஸ்ராவில் காய்ச்சல்.
இன்னொருவனுக்கு ஒரு பாகப்பத்திரம்:
தேசாந்திரம் போய்த் தகவலில்லாத இளையவன் மாதேவனுக்குத்
தென்கோடியில் பலா இரண்டு.
மூன்றாமவன் எந்தத் தாளிலும் அகப்படவில்லை.
‘மூன்றாமவர்’ என்றே வெட்டச் சொன்னேன்.

தாணு ஆசாரி எழுத்தெண்ணிக் கூலி சொன்னார்.
எழுத்துக்கு அறுபது ரூபாய், புள்ளிக்குக் காசில்லை.
“பழைய கல்லுகள்ல புள்ளியே கிடையாது,
வாசிக்கியவன் வச்சுக்கிடணும்.”
‘வீரமரணம் எய்தினார்’ பதினோரு எழுத்து.
‘பட்டான்’ என்றால் நாலோடு முடிந்துவிடும்,
பழைய கல்லெல்லாம் அப்படித்தானே சொல்லிற்று என்றேன்.
மரியாதை இல்லை என்றது குழு.
எட்டுப் பேரும் எய்தினார்கள்.

எட்டாவது பெயர் செல்வின் ஜெபராஜ்.
ரஜௌரியில், இருபத்து மூன்று வயதில்.
அதற்குக் கீழே ஒன்றரை அடி, வெறும் மெருகு.

திறப்புக்கு நாலு நாள் இருக்கும்போது
அவன் அம்மா ரெத்தினபாய் வந்தாள்.
பால்வெட்டு முடிந்து நேரே வந்த கை,
ஒட்டுப்பால் வாடை.
மகன் பெயரைத் தொடவில்லை.
கீழே, அவள் முகமே தெரிந்த இடத்தில்
விரலை வைத்தாள்.

“சாரே, இது ஆருக்க இடம்?”

டிசைன் அப்படி என்றேன்.

“அளந்துதானே விட்டிருக்கீரு.
எத்தன பேரு கொள்ளும்?”

எனக்குக் கணக்குத் தெரியும்.
நாலு பேர். வரியை நெருக்கினால் ஐந்து.
வரைபடத்தின் ஓரத்தில்
‘எதிர்காலச் சேர்க்கைக்கு’ என்று
பென்சிலால் குறித்தது நான்தான்.
அவளுடைய இளையவன்
விடியுமுன் பள்ளி மைதானத்தில்
ஆளெடுப்புக்காக ஓடிப் பழகுவதையும்
பேருந்து சன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன்.
அதை அவள் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

அன்று இரவு
ஆசாரி பெட்ரோமாக்ஸ் வைத்துக்கொண்டு
மெருகின் மேல் உளியைப் போட்டார்.
அம்மி கொத்துவதுபோல,
விரற்கடை விடாமல்,
இனி ஓர் எழுத்தும் நிற்காதபடி.
கூலி வேண்டாம் என்றார். பிறகு
உளி மழுங்கியதற்கு மட்டும் வாங்கிக்கொண்டார்.

தணிக்கையில் எழுதியிருக்கிறார்கள்:
மெருகிட்ட பரப்பைச் சிதைத்த வகையில்
ரூபாய் தொள்ளாயிரம், விளக்கம் தேவை.
இரண்டு முறை நினைவூட்டலும் வந்துவிட்டது.

வெள்ளைப் பலகையைப் பின்பக்கம் பதித்திருக்கிறோம்.
அதன் மேல் இப்போது சீட்டுக்கம்பெனி நோட்டீஸ்.
முன்பக்கத்தில், ஜீப்புக்கு நிற்கிற பால்வெட்டுக்காரர்கள்
அந்தக் கரட்டுக் கல்லில்
கத்தி தீட்டிக்கொள்கிறார்கள்.
கல் நன்றாகப் பிடிக்குதாம்.

ஆனி மழையில்
இளையவன் வெலிங்டனுக்குப் புறப்பட்டான்.
நாகர்கோவில் பேருந்து வர நேரமானது.
இரும்புப் பெட்டியை நனையாமல்
கல்லோடு சேர்த்துச் சாய்த்து வைத்திருந்தான்.
கொத்திய இடம் முழுவதையும்
அது மறைத்தது.