விமானம் பார்ப்பவள்

மணிக்குப் பதினாறு டாலர். காப்பி இலவசம்.
வேலை இவ்வளவுதான்:
சாக்ரமென்டோ மலையுச்சியில்,
தொலைநோக்கிக் கூடத்துக்கு வெளியே,
அண்ணாந்து நிற்க வேண்டும்.
எந்த விமானமாவது பச்சைக் கோட்டின் பக்கம் வந்தால்
பொத்தானை அழுத்த வேண்டும்.
ஒப்பந்தத்தில் என் பெயர் டெல்ஃபினா அர்ச்சுலேட்டா.
அதற்கு நேரே, வான் காவல்.
அக்கா சிரித்தாள்:
வானத்தை யாரடி திருடப் போகிறார்கள்?

கூடத்தின் வாய் திறக்கும்.
கோடு புறப்படும்.
நொடிக்கு இருபது துண்டாம்.
என் கண்ணுக்கு ஒரே நூல்.
உள்ளே டன்லெவி எண்களோடு உட்கார்ந்திருப்பார்.
ஒரு துண்டில் மேலே போகும் ஒளித்துகள்களை எழுத
மூன்றுக்குப் பின்னால் பதினேழு சுழியம் போட வேண்டும்.
திரும்பி வருவது ஒன்று.
பல தடவை அதுவுமில்லை.

எங்கள் அப்பா ஹாட்ச் பக்கம் மிளகாய் போட்டவர்.
இந்தக் கணக்கில் விதைத்திருந்தால்
டிராக்டர் போயிருக்கும், வீடும் போயிருக்கும்.
முதல் வாரம் கேட்டேன்,
இது என்ன விளைச்சல்?
பிரமாதமான விளைச்சல் என்றார் டன்லெவி.
கேலி செய்யவில்லை.

அங்கே தூசிக்கு நடுவில் ஒரு தட்டு,
தட்டு நிறையக் கண்ணாடி மூலைகள்.
எந்தப் பக்கமிருந்து வந்தாலும்
வந்த வழியே அனுப்பிவைக்கும் மூலைகள்.
வைத்தவர்கள் கிளம்பி ஐம்பது வருடம் தாண்டிவிட்டது.
மின்சாரம் கேட்டதில்லை. துடைக்க ஆளும் இல்லை.
போக ஒன்றேகால் நொடி,
வர ஒன்றேகால் நொடி.
தூரம் மில்லிமீட்டர் சுத்தமாகக் கிடைக்கும்,
கழிக்க வேண்டியதையெல்லாம் கழித்தால்:
காற்றின் கனத்தை,
அப்புறம் இந்த மலையை.
நாள்தோறும் இரண்டு தடவை
மலையே ஒரு சாணுக்கு எழுந்து இறங்குகிறதாம்,
நிலா இழுக்கிற இழுப்பில்.
ஒரு ராத்திரி முழுக்கப் பார்த்தேன்,
பைன் மரம் ஒன்றுகூட அசையவில்லை.

கடைசியில் மிஞ்சுவது இது:
வருடத்துக்கு இரண்டு விரற்கடை
அது விலகிப் போகிறது.
விரலை நீட்டி அளந்தேன்.
கையுறையில் என் விரல் எல்லாமே ஒன்றரை.

பௌர்ணமியன்று மட்டும் வருவது சுணங்கும்.
தூசி சூடேறிக் கண்ணாடி திணறுகிறது என்று ஒரு கட்சி,
அதில்லை என்று இன்னொரு கட்சி.
அதனால்தான் இன்று, கிரகண ராத்திரி,
கூடத்தில் ஒருவரும் தூங்கவில்லை.

நிழல் ஏறியது.
கீழே இவ்வளவு நேரம் பாலாய்க் கிடந்த வெண்மணல்வெளி
ஓரத்திலிருந்து அணைந்துகொண்டே வந்தது.
நிலா பழைய செப்புக் காசு.
வாக்கி-டாக்கியில் டன்லெவி
ஏலம் போடுகிறவர் மாதிரி எண்களைக் கூவினார்.

அப்போது கிழக்கே ஒரு சிவப்புப் பொட்டு,
மினுக்கி மினுக்கி, தாழ்வாக.
ராஸ்வெல்லிலிருந்து எல் பாஸோ பெரிய ஆஸ்பத்திரிக்கு
நோயாளியை ஏற்றிப் போகிற விமானம்.
இந்த வழியாகத்தான் போகும்.

அழுத்தினேன்.
கோடு அறுந்தது.

ஆனால் அழுத்துவதற்கு முன் கிளம்பியவை
கிளம்பியவைதான்.
ஐம்பது துண்டுகள் அப்போது வழியில் இருந்தன,
சில போய்க்கொண்டு,
சில வந்துகொண்டு.
இருட்டில் டன்லெவியின் குரல் கேட்டது,
மெதுவாக: இன்னும் வருகிறது.
ஒன்று.
இன்னொன்று.
அப்புறம் நின்றது.

விமானம் என் தலைக்கு மேலே போனது.
அதன் வயிற்றில் யாரோ படுத்திருப்பார்,
யாரோ அவர் கையைப் பிடித்துக்கொண்டிருப்பார்.
ஜன்னலில் செப்புக் காசு தெரிந்திருக்கலாம்.
பார்க்க நேரமிருந்ததோ என்னவோ.

டெல்ஃபினா, திறக்கலாமா?
கிரகணம் காத்திருக்காது.

எல் பாஸோ திசையில்
எது விமானம், எது ஊர் விளக்கு என்று
பிரித்துச் சொல்ல முடியாமல் போகும்வரை
கட்டைவிரலை எடுக்கவில்லை நான்.
இன்னும் ஒரு நிமிஷம் என்றேன்.
காப்பிமேல் மெல்லிசாய்ப் பனி பிடித்திருந்தது.