மிளகளவு துளை

கோட்டை அறையின் இடுக்கெல்லாம்
சாக்கும் தாரும் வைத்து அடைத்தோம்.
சுவரில் ஒரேயொரு துளை, மிளகளவு.
எதிர்ச்சுவரில்
வாவி மேலே, வானம் கீழே.
"கமரா இந்தச் சுவரை மட்டும் பார்க்கட்டும்" என்றா யசோதினி.
எழுபது நிமிடம். ஒரே ஷொட்.

பதினோராம் தரம்
ஒல்லாந்தக் கப்பல்
(வாகரை வள்ளங்கள் இரண்டு, தேநீரில் நனைத்த பாய்)
கூரையில் தொங்கிக்கொண்டு வந்தது.
துவக்கோடு பெடியள் வௌவாலாய் இறங்கினார்கள்.

மறுகா, அறுபத்திரண்டாம் நிமிடம்,
கச்சேரிக்கு வந்த மனிசி ஒருத்தி
ஆயிரத்து அறுநூற்று முப்பத்தெட்டுக்குள்
நடந்து வந்தா, கால் மேலே.
நெஞ்சோடு நீலப் பைல்.
அவசரத்தில் மாறிப் பிடித்திருக்கிறா;
அதில் ஒட்டிய பெடியன் மட்டும்
சுவரில் நிமிர்ந்து நின்றான்.

சிப்பாயிடம் ஏதோ கேட்டா.
கந்தோர் எங்கே என்றுதான் இருக்கும்.
அவன் தொப்பியைக் கழற்றினான்.

யசோதினி வாய் திறக்கவில்லை.
சாக்கைப் பிடித்த என் கை மரத்துப்போனது.
இன்னும் எட்டு நிமிடம்.