நாற்பத்தைந்து பாகை

கிரிம்ஸ்பியில், என் மீன்கடைப் பலகையில்
காட் மீன் என்று நான் கிறுக்கியிருந்ததைக்
கடவுள் என்று படித்துவிட்டார் ஒரு பாதிரியார்.
கிலோ பதினான்கு பவுண்டா, இவ்வளவு மலிவா என்றார்.
வரிசையே சிரித்தது. நானும்தான்.
அன்று மாலை கடையைக் கழுவி விட்டுப் போய்
இரண்டு மில்லிமீட்டர் பட்டை முள் வைத்த
ஒரு பேனா வாங்கினேன்.

பெட்டிக்குள் மடித்து வைத்த ஒற்றைத் தாள்,
எனக்கு வாய்த்த வாத்தியார் அதுதான்.
முள்ளை நாற்பத்தைந்து பாகையில் பிடி.
முள்ளின் அகலம் ஐந்து மடங்கானால் எழுத்தின் உயரம்.
கோட்டை இழு, தள்ளாதே.
வலப்பக்கம் சற்றே சாய், விழுந்துவிடாதே.

விழுந்தேன்.
முதல் வாரம் என் எழுத்துகள்
துறைமுகச் சுவரில் ஜனவரிக் காற்றை எதிர்த்து
தொப்பியைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவர்கள்.
தள்ளினால் மை தெறித்தது.
இழுத்தால் வந்தது,
செவுளுக்கடியில் கத்தி சரியாக நுழைந்ததும்
தானாகப் பிரியும் ஹாடக் துண்டம்போல.

மெல்லிசு, தடிமன், மெல்லிசு.
அழுத்தமே வேண்டாம், திசை போதும்
என்பது புரியவே பத்து நாள்.

தனி எழுத்து வந்தபின்
ஒரு வாக்கியத்தை எடுத்து அதையே எழுது என்றது தாள்.
எதை எடுக்க?
கைக்கு வந்ததை எழுதினேன்:
டெரிக், உன் புறாக்களை விற்றது நான்தான்.

நல்ல வாக்கியம். மேலே ஏறும் கொம்பு,
கீழே இறங்கும் வால், உருண்டை, எல்லாம் இருந்தது.
முதல் இருபது முறை அதில் எழுத்துகள் மட்டுமே.
புறாவின் முதலெழுத்துக்கு வயிறு பெருத்துவிட்டது.
இடைவெளி போதவில்லை.
எங்கள் மொழியில் 'நான்' ஒற்றைக் கோடு,
ஒரே இழுப்பு. ஒளிந்துகொள்ள வளைவு கிடையாது.
அதுதான் ஒவ்வொரு முறையும் நடுங்கியது.

முப்பத்தோராவது முறையோ என்னவோ
மை காயக் காத்திருந்தபோது
எழுதியிருந்ததைப் படித்தேன்.

பத்தொன்பது வருடம்.
கால் உடைந்து அவன் ஹல் ஆஸ்பத்திரியில் ஆறு வாரம்.
உறைபெட்டி பழுது, எரிவாயு பாக்கி.
ஒன்பது பறவைகளையும் லௌத்தில் ஒருவனுக்கு விற்றேன்.
நரி புகுந்தது என்றேன்.
நம்பட்டும் என்று நானே கம்பிவலையைக் கிழித்தேன்.
மாவுக்கட்டுக் காலோடு முக்காலியில் உட்கார்ந்து
அந்த வலையை அவன் தைத்தான்.
காலிக் கூண்டுக்கு.

இதற்கு நடுவே மூன்றாம் நாள்
சாம்பல் பெட்டை மட்டும் திரும்பி வந்தது.
கூரையில் உட்கார்ந்து என்னைப் பார்த்தது.
மீன்பெட்டியில் போட்டு, மூடியில் துளையிட்டு
லௌத்துக்கே கொண்டுபோய் விட்டேன்.
வழி நெடுக உள்ளே நகத்தின் சுரண்டல்.
இந்தப் பேனாவும் சொரசொரத் தாளில்
அப்படித்தான் சத்தம் போடுகிறது.

பயிற்சித் தாள்களில்
நல்லதாகத் தேறிய ஒன்றை வெட்டினேன்.
ஓரத்து அளவுச் சதுரங்களை அழிக்கவில்லை.
உறையில் ஃப்ளீட்வுட் முகவரி,
அதையும் சாய்வெழுத்தில்.
தபால்காரராவது தடுமாறாமல் படிக்கட்டும்.

மூன்று வாரம் ஒன்றுமில்லை.
பலகையில் என் எழுத்தை இப்போது
வாடிக்கைக்காரர்கள் படமெடுக்கிறார்கள்.
பாதிரியார் மட்டும் சற்று ஏமாற்றமாகத்தான்
காட் வாங்கிப் போகிறார்.

நேற்று வந்தது அவன் பதில்.
கிழித்த நாட்காட்டித் தாளின் பின்பக்கம்,
மை கக்கும் பந்துமுனைப் பேனா,
எல்லாம் பெரிய எழுத்து, பாதி கோணல்:
சாம்பல் பெட்டைக்கு எவ்வளவு வாங்கினாய்?

அன்பு என்றோ நலமா என்றோ இல்லை. பெயர்கூட இல்லை.

எண்கள் எனக்குத் தகராறே இல்லை,
தினமும் எழுதுகிறவைதாம்.
முள்ளைத் துடைத்து, தாளைச் சரித்து,
நாற்பத்தைந்து பாகை பிடித்து
எழுதினேன்:
பன்னிரண்டு பவுண்டு.

ஒரு கிலோ காட் மீனைவிட இரண்டு குறைவு.
இன்னும் ஈரமாக இருக்கிறது.