நாலு விரல் இடைவெளி

பஹ்லா ஊர் முடிந்து
பேரீச்சந்தோப்பும் முடிகிற இடத்தில்
கல்ஃபானின் மண் வீடு.
அதன் வலது தோளை ஒட்டி
ஒரு கேரேஜ் வேண்டுமென்றார்.

கார் நிறுத்த மட்டும் அல்ல.
நாற்பதடிக்கு முப்பது.
இரண்டு லேண்ட் குரூசர், ஒரு லேத்,
நடுவே ஆள் இறங்கி நிற்கக் குழி,
மேலே ஒன்றரை டன் செயின் பிளாக்.
சிமென்ட் பைக் காகிதத்தில் அவரே வரைந்திருந்தார்:
சின்னப் பெட்டி வீடு,
பெரிய பெட்டி கேரேஜ்.
தலையை விட முண்டாசு பெரிசா இருக்கேண்ணே
என்றான் இருதயராஜ்.

முதல் நாள் சுவரில் டிரில் வைத்தேன்.
பிசைந்த மாவில் விரல் போல
சத்தமே இல்லாமல் உள்ளே போனது.
ஆங்கர் போல்ட்டை முடுக்கிவிட்டு
சும்மா பிடித்து இழுத்துப் பார்த்தேன்.
ஆடுகிற பால்பல்லாகக் கையோடு வந்தது,
கூடவே கொஞ்சம் வைக்கோல்.
கல்ஃபான் அதை எடுத்து முகர்ந்து
"இது என்னை விட மூத்தது" என்றார்.
திரும்ப ஓட்டைக்குள் செருகினார்.

மஸ்கட்டிலிருந்து எஞ்சினியர் போனில்:
சுவரோடு சேர்த்து அடி, முடி, கிளம்பு.
சார், இந்த வீடு
ஒரு காலண்டரைத் தாங்கும்,
நம் கூரையைத் தாங்காது.
தூண்கள் தனியாய் நிற்கட்டும்,
நடுவில் நாலு விரல் இடம் விடுவோம்.
யார் விரல் என்று கேட்டார்.
என் விரல்தான், சார்.

ஜூன் வந்தது.
பன்னிரண்டரையிலிருந்து மூன்றரை வரை
வெயிலில் வேலை கூடாது, சட்டம்.
வண்டி ஏதும் ஏறாத குழிக்குள்
நாங்கள் மூவரும் இறங்கிப் படுப்போம்.
மொபஸல் நடுவில்.
சிட்டகாங்கில் அவன் மகள்
போனுக்குள் இருந்து கேட்பாள்:
ஏன் அப்பா பள்ளத்தில் இருக்கிறாய்?

ஐந்து தூணுக்கும் கான்கிரீட் போட்டு
தண்ணீர் விட்ட நாலாம் நாள்
பையன் ஹைதம் காவா கொண்டுவந்தான்.
ஃபிளாஸ்க்கைக் கீழே வைத்துவிட்டு
மனப்பாடம் செய்ததைச் சொன்னான்:
"மூணாவது தூண் அடுப்படி ஜன்னலுக்கு
நேர் எதிரில் வருதாம்.
உம்மா கேட்கச் சொன்னாங்க,
தினம் அதைத்தான் பார்க்கணுமா என்று."

ஜன்னலில் யாரும் தெரியவில்லை.
ஒரு கை மட்டும் புளியைக் கரைத்துக்கொண்டிருந்தது.

கல்ஃபான் வானம் பார்த்தார்.
நான் டேப் எடுத்து அளந்தேன்.
ஒன்றே முக்கால் அடி தள்ளினால் போதும்.
ஆனால் போட்டதை உடைக்க வேண்டும்,
டிரஸ்ஸை வெட்டி ஒட்ட வேண்டும்,
முப்பத்தெட்டு ரியால்.
கம்பெனி தரட்டும் என்றார் அவர்.
அவர் தரட்டும் என்றது கம்பெனி.
இப்படியே இரண்டு வெள்ளிக்கிழமை போயிற்று.
மூன்றாம் தூண் மட்டும்
கம்பி நீட்டிக்கொண்டு காத்திருந்தது.

சனிக்கிழமை ஹைதம்
பால் பவுடர் டின் ஒன்றை நீட்டினான்.
அரை ரியால் நோட்டுகள், நூறு பைசா நோட்டுகள்,
அடியில் காசுகள்.
இருதயராஜ் இரண்டு முறை எண்ணினான்.
முப்பத்தெட்டு.
வாப்பாவிடம் சொல்ல வேண்டாமாம்.

தூணைத் தள்ளினோம்.
வரிசை பிசகி நிற்பதைக்
கல்ஃபான் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்,
பிறகு மறு கண்ணை மூடி.
ஒன்றும் கேட்கவில்லை.

ஆகஸ்டில் ஒரு மாலை
மலையிலிருந்து மழை இறங்கி
வாதி ஓடியது.
நாலு விரல் சந்தில் தண்ணீர் விழுந்து
வீட்டையும் தொடாமல்
கேரேஜையும் தொடாமல்
தோப்புப் பக்கம் போய்விட்டது.
அடுத்த நாள் ஷீட் மடித்து மேலே மூடினோம்,
பக்கவாட்டில் மூடவில்லை.

கடைசி நாள்
செயின் பிளாக்கில் பழைய எஞ்சினைத் தூக்கினோம்.
நான் மண் சுவரில்
உள்ளங்கை வைத்து நின்றேன்.
சங்கிலி கடகடத்தது, தூண் முனகியது,
சுவர் தூங்கிக்கொண்டிருந்தது.
சந்து வழியாக வெங்காயம் வதங்கும் வாசனை வந்தது.
ஸ்பேனரோடு நின்ற கல்ஃபான்
ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

டின் பணத்தை ஆபீசில் கட்டினேன்.
ரசீது யார் பெயருக்கு என்றார்கள்.
ஜன்னல் என்று எழுதிக் கொடுத்தேன்.

அலுமினியமா, மரமா என்று
இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.