பின்பக்கம்

கோணத்துக் கல்லூரியில்
ஆலோசனை அறை
ஜெராக்ஸ் கடையை ஒட்டி இருந்தது நல்லதாய்ப் போயிற்று.
யாரும் பார்த்தால் சொல்லிக்கொள்ளலாம்:
திரவ இயக்கவியல், மூன்றாம் அலகு,
ஒரு காப்பி.

மூன்று நாள் அதையே சொன்னேன்.
மூன்று காப்பி சேர்ந்துவிட்டது.
நாலாம் நாள்
கடைக்கார டென்சிங் காசு வாங்கவில்லை.
"இது எடுத்ததுதானே மக்கா" என்றான்.
அந்தக் கதவைப் பார்க்காமலே
ஸ்டூலை இழுத்துப் போட்டு
வழி விட்டான்.

உள்ளே பெரிதாக ஒன்றுமில்லை.
ஆரல்வாய்மொழிக் காற்றுக்குப் படபடக்காமலிருக்க
சன்னலில் செருகிய அட்டை.
நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினாய்
என்று கேட்டார்கள்.

அரியர் எத்தனை என்று கேட்டால்
உறக்கத்திலும் சொல்வேன்.
உறக்கம் எத்தனை என்று
எனக்குத் தெரியவில்லை.
அழுதது அதற்குத்தான் என்று நினைக்கிறேன்.

முன்பக்கம் இன்னும் படிக்கவில்லை.
பின்பக்கத்தில் எழுதுகிறேன்.
திங்கள்: இரண்டு மணி நேரம்.
செவ்வாய்: மூன்றரை. மட்டிப்பழம் இரண்டு.
வகுப்பு முடிந்து பார்வதிபுரம் வரை நடை.
புதன்: எழுதவில்லை என்று
வியாழன் எழுதியது.
வெள்ளி: ஐந்து. இடையில் ஒரு கனவு,
அதில் பரீட்சை இல்லை.

சனிக்கிழமை
வடசேரி பஸ் ஸ்டாண்டு அருகே ரசவடை தின்கையில்
ரெஜிலாவிடம் தாளைக் காட்டினேன்.
வாயில் வடையோடு
நெடுநேரம் வாசித்தாள்.
ஒவ்வொரு வாரமும்
முதல் ரேங்க் வாங்குகிறவள்.

"ஏட்டி, எனக்கும் ஒரு காப்பி தா."

கடைக்காரருக்குக் காதில் விழுந்தது
கடைசிப் பாதி மட்டும்.
நுரை பொங்க ஆற்றி
இரண்டு கிளாஸ் கொண்டுவந்து வைத்தார்.
குடித்தோம்.